அடுத்த மாடல்

அடுத்தவர்களைத் தலைசுற்ற வைப்பதுதான் என் வேலை. தலையில் மாட்டிக்கொண்டு விளையாடும் வி.ஆர். ஹெட்செட் செய்கிற கம்பெனியில் நான் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளன். ஆட்களை வரவழைத்து, டப்பாவை மாட்டிவிட்டு, விளையாட்டுக்குள் அனுப்பி, யாருக்கு எத்தனையாவது நிமிடத்தில் குமட்டுகிறது என்று எழுதிக்கொள்வேன். மேசைக்கடியில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கும். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

பதினோரு வருடமாக ஆண்டுக் கூட்டத்தில் எங்கள் முதலாளி மேடையேறி ஒரே பேச்சைத்தான் பேசுகிறார். "அடுத்த மாடல் மூக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். போட்டிருக்கறதே தெரியாது." நாங்களும் கை வலிக்கத் தட்டுவோம். பிறகு இறங்கி வந்து அதே அரை கிலோ டப்பாவைக் கையில் எடுப்போம். மாட்டிய இருபதாவது நிமிடம் நெற்றி கொதிக்கும். கழுத்து பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. கண் நடக்கிறேன் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பு நீ அசையவே இல்லை என்கிறது. இந்தச் சண்டைக்கு நடுவில் வயிறு புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடும்.

எங்கள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்தான். முதல் முறை டப்பா மாட்டுகிறவரை நாங்கள் பச்சைத் தலை என்போம். பத்து முறை மாட்டிவிட்டால் பழுத்த தலை. பழுத்த தலை எதற்கும் சுற்றாது, அதனால் அது சொல்லும் எதுவும் கணக்கில் சேராது. புதிதாக எதைச் செய்தாலும் பச்சைத் தலையில்தான் மாட்டிப் பார்க்கவேண்டும். என் தலை பழுத்து உதிரும் பருவம். பாறையிலிருந்து குதிக்கிற விளையாட்டை ஆடிக்கொண்டே சாண்ட்விச் சாப்பிடுவேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவள். ஒரு நாள் கியர் மாற்றும் கை வழுக்கியது. பிறகு கால் வழுக்கியது. தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற வியாதி என்றார்கள். இரண்டே வருடத்தில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று. பேச்சு குழறி, எனக்கும் அவள் கணவரான மாமாவுக்கும் மட்டும்தான் புரியும் என்று ஆனது. விழுங்குவதும் சிரமம். இரவில் மூச்சுக்கு முகமூடி.

டாக்டரம்மா ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. "தொண்டையில துளை போட்டுக் குழாய் வெச்சு மெஷின்ல இணைச்சா இன்னும் பல வருஷம் இருப்பாங்க. ஆனா இவங்க இருக்கற நிலையில பேச்சு போயிடும். வேண்டாம்னா ரெண்டு மூணு மாசம். அவங்கதான் சொல்லணும், வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். வாந்தி மட்டும் வரவே கூடாது, மேலே வந்தது நேராக நுரையீரலுக்குள் போகும், அதை வெளியே தள்ள இவருக்கு இருமும் வலு கிடையாது.

அக்கா வேண்டாம் என்றாள். நான் கெஞ்சினேன், அழுதேன், திட்டினேன். அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"இந்தக் கூரையப் பாத்துக்கிட்டே எத்தன வருஷம்டா கிடக்கச் சொல்ற?"

வீட்டுக்குப் போகிற வழியில் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவளுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு உலகத்தை மாட்டிவிடவேண்டும். இதற்குத்தானே பதினோரு வருடம் வாளி தூக்கினேன் என்று தோன்றியது. இருக்க ஒரு காரணம் கிடைத்தால் அவள் இருப்பாள் என்று நம்பினேன்.

மறுநாளே லீவு போட்டேன். கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனேன்.

"என்னடா பொம்மக்காரா, மூட்டையோட வர்ற?" என்றாள் அக்கா.

"உன்ன பஸ் ஓட்ட வைக்கப் போறேன்."

"பஸ்ஸா? பத்தொம்பது வருஷம் உக்காந்தேதான் இருந்தேன். நிக்க வை. ரெண்டு அடி நடக்க வை."

எடை முதல் தொல்லை. அவள் கழுத்து அவள் தலையையே தாங்காது, அரை கிலோவை எங்கே தாங்கும்? மாமா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கட்டிலைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். சாயங்காலம் இரண்டு கப்பியும் கயிறும் கொண்டுவந்து கட்டில் தலைமாட்டில் கம்பி நட்டார். ஒரு முனையில் ஹெட்செட், மறுமுனையில் நட்டு போல்ட்டு நிரப்பிய பை. சமையலறைத் தராசில் நிறுத்து, கடைசி போல்ட்டைப் போட்டும் எடுத்தும் பார்த்தார்.

"லிஃப்ட்டும் இப்படித்தான் மாப்ள. மறுபக்கம் எடை தொங்கினா மோட்டாருக்கு பாரமே தெரியாது."

மாட்டிப் பார்த்தோம். அக்காவின் முகத்தில் டப்பா இறகைப்போல் நின்றது. எங்கள் முதலாளி பதினோரு வருடமாக மேடையில் சொல்லிக்கொண்டிருந்ததை மாமா ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டார்.

மற்றதை நான் செய்தேன். ஏரிக்கரை ஓரமாக ஒரு நடைபாதை, இருபுறமும் மரம். படுத்திருக்கிறவருக்கு எழுந்து நிற்பதுபோல் காட்சியைத் திருப்பி வைத்தேன். தரையை அவள் உயரத்துக்கு இறக்கினேன். தலை அசையாமலே அவள் கண் போகிற பக்கம் காட்சி திரும்பும், அங்கே நடக்கும். இரண்டு விநாடி கண்ணை மூடினால் எல்லாம் நின்று, கறுப்பாகிவிடும். நான் தரையில் படுத்து நாற்பது தடவை நடந்து பார்த்தேன். வெண்ணெயாக ஓடியது. மாமாவை ஒருமுறை படுக்கவைத்து மாட்டினேன். அரை நிமிடத்தில் கழற்றிவிட்டார்.

"ஒரு மாதிரி இருக்கு மாப்ள. வயித்தப் பெரட்டுது."

"உங்களுக்கு வயசாச்சு மாமா" என்று சிரித்தேன்.

சுவரில் சட்டம் எழுதி ஒட்டிய நானே சிரித்தேன். அந்த வீட்டில் அக்காவைத் தவிர இருந்த ஒரே பச்சைத் தலை சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் இதையே ஒரு சின்னப் பையன் செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன். எனக்குத் தெரியாததில்லை. வெள்ளிக்கிழமை என் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது, வேறெதையும் நினைக்க மனம் ஒப்பவில்லை.

வியாழன் காலை பதினோரு மணி. கட்டிலைத் தலைப்பக்கம் உயர்த்தி, டப்பாவை இறக்கினோம். அவள் பார்ப்பது எனக்கும் தெரியும்படி டி.வி.யில் இணைத்திருந்தேன். முதலில் காட்சி அசையவில்லை. பிறகு மெல்லக் கீழே இறங்கியது. தன் காலடியைப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

"டேய். நிக்கறேன்டா."

"நட அக்கா. பாதையப் பாரு, அதுவே போகும்."

நடந்தாள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள். ஏரி ஓரம் போய் எட்டிப் பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாளைக்கு டாக்டரம்மாவிடம் சரி என்று சொல்லிவிடுவாள், இவள் எங்கேயும் போகமாட்டாள் என்று டி.வி.யைப் பார்த்தபடியே கணக்குப் போட்டேன்.

மாமா டி.வி.யைப் பார்க்கவில்லை. அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, உதட்டுக்கு மேல வேர்க்குது பாரு."

"டப்பா சூடு மாமா. எல்லாருக்கும் வேர்க்கும்."

ஆறாவது நிமிடம் கொட்டாவி விட்டாள். உதட்டின் மேல் வேர்வை, அப்புறம் கொட்டாவி, அப்புறம் அடிக்கடி எச்சில் விழுங்குவது, அப்புறம் வாளி. வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அன்றைக்கு அக்காவுக்குக் களைப்பு என்று நினைத்தேன். கண்ணை மூடினால் நின்றுவிடுமே, அவள் மூடவில்லையே என்றும் நினைத்தேன்.

எட்டாவது நிமிடம் பாதை ஒரு வளைவில் திரும்பியது. அவள் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. நான் டப்பாவை இழுத்தேன். மாமா அவளை ஒருக்களித்துப் புரட்டினார். கயிறு தோளில் சிக்கிக்கொண்டது. சளி உறிஞ்சும் மெஷினைப் போட்டுக் குழாயை வாய்க்குள் விடுவதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. மாமா கயிற்றைக் கத்தியால் அறுத்தார், நட்டு போல்ட்டெல்லாம் தரையில் கொட்டின.

ஆஸ்பத்திரியில் அன்றிரவைத் தாக்குப்பிடித்தாள். விடிந்தால் வெள்ளிக்கிழமை. டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக இருந்தது.

"என்ன நடந்துச்சுன்னு உங்க மாமா சொன்னாரு. அதப் பத்தி இப்பப் பேச வேணாம். முகமூடி இனி போதாது. குழாய்னா இன்னைக்கே வைக்கணும். வேண்டாம்னா வலி தெரியாம பாத்துக்கறோம். அரை மணியில வர்றேன். அவங்ககிட்டயே நான் கேட்கணும்."

மாமா வாசலில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். நான் உள்ளே போனேன். முகமூடியை ஓரமாக நகர்த்தினால் நாலு வார்த்தை பேசுவாள். பிறகு மூச்சு வாங்க மறுபடி மாட்டவேண்டும். அப்படியே விட்டுவிட்டுப் பேசினோம்.

"ஏங்கா கண்ண மூடல? மூடியிருந்தா அதுவா நின்னிருக்குமே."

"மூடினா மறுபடி படுக்கணும்ல."

அவள் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். நான்தான் உன்னை இப்படி ஆக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அதைப் பற்றி நினைத்ததாகவே தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"என் உயரம் சரியா வெச்சிருந்த" என்றாள். முகமூடியை மாட்டினேன், கழற்றினேன். "வாந்தி வராத டப்பா எப்பத்தான் வரும்?"

உண்மை எனக்குத் தெரியும். கண்ணாடியை மெலிதாக்கலாம், எடையைக் குறைக்கலாம், பேட்டரியை இடுப்பில் கட்டலாம். கண்ணுக்கும் காதுக்கும் உள்ள சண்டையை இன்னும் ஒருவரும் தீர்க்கவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் காதுக்குப் பின்னால் சின்ன மின்துடிப்பு கொடுத்து, நீ நடக்கிறாய் என்று நரம்பை நம்பவைக்கப் பார்க்கிறார்கள். பத்துப் பேரில் மூன்று பேருக்கு வேலை செய்கிறது, இரண்டு பேருக்கு இன்னும் மோசமாகிறது. ஒரு நாள் வரும். ஐந்து வருடம் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். அதிலும் நின்று விளையாடுகிறவர்களுக்குத்தான் வரும். படுத்திருப்பவர்களுக்கு என்று எங்கள் திட்டப் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறவர்களில் நானும் ஒருவன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்துப் பழகிய கண். நான் உண்மையைச் சொன்னால் அவள் வேண்டாம் என்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"ரெண்டு வருஷம்" என்றேன்.

"கத விடாத."

"சத்தியமா. அடுத்த மாடல்லயே வந்துரும். நானே கண்ணால பாத்துட்டேன்."

அவள் வெகுநேரம் கூரையைப் பார்த்தாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அரை மணியில் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. நான் வாங்கிக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். குழாய் வைக்கலாமா? அக்கா ஆம் என்று புருவத்தை உயர்த்தினாள். பேச்சு போய்விடும், தெரியுமா? உயர்த்தினாள். யாராவது வற்புறுத்தினார்களா? புருவம் அசையவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மாமா உள்ளே வந்து அவள் காதோடு என்னவோ பேசினார். அவள் குழறிக் குழறிப் பதில் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கையெழுத்துக்கு மாமாவை அழைத்தார்கள், அவர் போனார். ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம்.

"ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்கம்மா. அப்புறம் போர்டுல எழுத்தக் கண்ணால காட்டித்தான் பேசணும்."

அக்கா நர்ஸைப் பார்த்து வாயைத் திறந்தாள். நர்ஸ் முகமூடியை நகர்த்தினாள். அக்கா ஒரு முழு வாக்கியம் சொன்னாள். இடையில் மூச்சு வாங்காமல், முழு பலத்தையும் போட்டுச் சொன்னாள். நர்ஸுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

"என்ன சார் சொல்றாங்க?"

நான் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்தேன். அக்கா மறுபடியும் அதையே சொன்னாள், முன்னைவிட மெதுவாக. சொல்லிவிட்டு, சொல்லுடா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. நர்ஸும் என்னைப் பார்த்தாள். மாமா இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். அந்த அறையில் அந்தப் பேச்சு புரிகிறவன் நான் ஒருவன்தான்.

"'ரெண்டு வருஷம்தான், என் தம்பி என்ன நிக்க வெச்சிடுவான், அவன் பொய் சொல்ல மாட்டான்'னு சொல்றாங்க" என்றேன்.