ஆறு வேளை

நகக்கண் அளவே உள்ள மீன்குஞ்சுகளுக்கு ஒரு நாளைக்கு ஆறு வேளை தீனி. சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். கொத்துவதை நிறுத்தினால் நாமும் நிறுத்திவிட வேண்டும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இது அத்துப்படி. ஒருவர் போட்டதும் மற்றவருக்குக் கேட்கும்படி "போட்டாச்சு" என்று குரல் கொடுப்போம். எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது.

முந்தைய இரண்டு தடவையும் குஞ்சுகள் தேறவில்லை. இந்தத் தடவையும் செத்தால் தொட்டிகளை மூடிவிட்டுக் கப்பல் வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது. சொன்னதோடு நிற்காமல், எனக்குத் தெரியாமல் அந்த வேலைக்குக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அலமாரியில் அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்று வாயை மூடியவள்தான் நான். அவர் மட்டும் லேசுப்பட்டவரா? பதிலுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் அப்படியே போனது. அவர் போட்டாரா என்று கேட்க வீம்பு விடவில்லை. எங்கள் சண்டையில் குஞ்சுகள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று, அவர் அந்தப் பக்கம் இல்லாத நேரமாகப் பார்த்து ஆறு வேளையும் நானே போட்டேன். அவர் வருவதற்குள் நகர்ந்துவிடுகிற அவசரத்தில், கொத்துவது நிற்கிறதா என்று நின்று பார்க்கவில்லை. தீனி மூட்டை மளமளவென்று இறங்கியது. நன்றாகத் தின்கின்றன, இனி இவர் எங்கே போகப்போகிறார் என்று எனக்குள் சந்தோஷம்கூட. வயிறு நிறைந்தால் மீன் ஏப்பமா விடும்?

பத்தாம் நாள் காலையில் குஞ்சுகளெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து, பாவி நான், இன்னொரு பிடி போட்டேன். ஒன்றுகூடக் கொத்தவில்லை. குனிந்தபோதுதான் நாற்றம் அடித்தது. தின்னாத தீனி அடியில் அழுகி, தண்ணீரில் மூச்சுக்குக் காற்றில்லாமல் போயிருந்தது.

"என்னங்க, ஓடி வாங்க!"

ஓடி வந்து புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். பலனில்லை. உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

"நீ தினமும் போட்டியா?"

"ஆறு வேளையும் போட்டேன். நீங்க?"

"நானும்தான்."

"கோபத்துல நான் போடாம விட்டுடுவேன்னு நெனச்சீங்களா?"

"நீயும் என்னை அப்படித்தானே நெனச்ச?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இதுங்க பொழச்சாத்தானே நீங்க போகமாட்டீங்க. அதுக்காகத்தான் போட்டேன்."

"நான் மட்டும் எதுக்குப் போட்டேன்?" என்றார் அவர்.

தொட்டிகளைக் கழுவிக் கவிழ்க்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வாய் ஓயாமல் பேசினோம். மூன்றாம் நாள் அவர் கிளம்பினார்.