கண்ணாடிக்கு ஒரு கறுப்புத் துணி

வால்புர்கா முக்காலியில் ஏறி நின்று, கட்டிலுக்கு எதிரே இருந்த பெரிய கண்ணாடியின் மேல் கறுப்புத் துணியைப் போட்டாள். மகள் சிடோனி பாய்ந்து வந்து துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"விடும்மா. எனக்குக் கண்ணாடி வேணும்."

"சாவு விழுந்த வீட்ல கண்ணாடி தொறந்து கெடந்தா அதுல மூஞ்சி தெரியற அடுத்த ஆளையும் கூட்டிட்டுப் போயிடும். கைய எடுடி."

கட்டிலில் சிடோனியின் அப்பா, ஓவியர் லெபரெக்ட் க்ரூஸ கிடந்தார். விடிகாலையில்தான் மூச்சு நின்றது. சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்தாயிற்று. ரைன் நதிக் காற்று அவர் தாடியை அசைத்துக்கொண்டிருந்தது. டூசல்டார்ஃபில் அவர் வரைந்த படம் வராத வாரப்பத்திரிகை கிடையாது. கடைசிக் காலத்தில் கை நடுங்கிப்போய், வரைந்ததெல்லாம் சிடோனி. கீழே போட்ட பெயர் மட்டும் அவருடையது. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. "என் சாவுப் படத்த நீ வரை. அதுலயாவது ஒன் பேரப் போட்டுக்க" என்று நேற்றுக்கூடச் சொன்னார்.

செதுக்குகிற டெர்ஹோர்ஸ்ட் கீழே சமையலறையில் காத்திருந்தார். மரக்கட்டையின் மேல் சிடோனி வரைந்து கொடுத்தால் அவர் செதுக்குவார், பத்திரிகை அச்சடிக்கும். அச்சில் வலது இடதாகிவிடும், ஆகவே கட்டையில் எல்லாவற்றையும் மாற்றி வரைய வேண்டும். இளவயதில் க்ரூஸ இதை மறந்து ஒரு தளபதியை இடது கையால் வாளேந்த வைத்துவிட, பீர்க்கடைக்குப் பீர்க்கடை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்தக் கண்ணாடி. மனுஷர்களை அதற்குள் பார்த்தே வரைவார்.

டெர்ஹோர்ஸ்டின் குரல் படிக்கட்டில் கேட்டது. "சவப்பெட்டி வண்டி தெருமுனைக்கு வந்தாச்சும்மா! முடியலைன்னா சொல்லிடுங்க. பத்திரிகையில வேற ஆள வெச்சு வரைஞ்சுக்குவாங்க."

வேறு ஆள், வேறு பெயர். சிடோனி துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஒன் அண்ணன் ஆன்செல்ம் செத்தப்பவும் ஒங்கப்பா இப்படித்தான் மூடவிடல," என்றாள் வால்புர்கா. "புள்ளைய வரையணும்னு நின்னார். அந்த மாசமே சின்னவன் ரூபர்ட்டும் போனான். இப்ப எனக்கு மிச்சம் நீ ஒருத்திதான்."

"அது காய்ச்சல்ம்மா. கண்ணாடி என்ன பண்ணும்?"

"காய்ச்சலுக்கு வழி காட்டினது யாராம்?"

இதற்கு மேல் பேசினால் சண்டைதான். சிடோனி துணியை விட்டுவிட்டு, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள். வழக்கமாக எதையும் மனசுக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொள்வாள். இன்று அப்பாவின் முகத்தைத் தவிர எதுவும் மனசில் நிற்கவில்லை. பென்சில் அதன் போக்கில் ஓடியது. படம் அச்சு அசலாக வந்தது.

வால்புர்கா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவோட புருவத் தழும்பு," என்றாள். "அச்சில மறுபக்கம் போயிடுமேடி."

தளபதியின் கதைதான். கண்ணில் பட்டதைத் திருப்பாமல் அப்படியே போட்டுவிட்டாள். சிடோனி ஈரத்துணியால் கட்டையைத் துடைத்தாள். அப்பாவின் முகம் சாம்பல் தண்ணீராக வழிந்தது. விடிந்ததிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

வாசலில் வண்டி நின்றது. குதிரை கனைத்தது.

வால்புர்கா படிக்கட்டுக்குப் போய்க் கத்தினாள். "டெர்ஹோர்ஸ்ட்! வண்டிக்காரங்களுக்குக் காபி குடுத்து உக்கார வைங்க. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் படியேறக் கூடாது!"

திரும்பி வந்தவள் கண்ணாடியின் மேலிருந்த துணியை உருவினாள். அதை மகளின் தலையில் போட்டு, நெற்றி வரைக்கும் இழுத்து, வாயை மூடிச் சுற்றிச் செருகினாள்.

"கண்ணு மட்டும் வெளிய இருந்தாப் போதும். கண்ணாடிக்கு மூஞ்சியக் காட்டிடாத."

சிடோனி பென்சில் கோடு தெரியக் கட்டைக்கு மறுபடி வெள்ளை பூசிக் காயவைத்து, நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் அப்பா இருந்தார்; தழும்பு வேண்டிய பக்கத்தில் இருந்தது. பென்சிலைக் கட்டையில் வைக்கப்போனபோது பக்கத்தில் இன்னொரு முகம் வந்தது. வால்புர்கா தன் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, அவர் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு, கண்ணாடிக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீ ஏன் அங்க..."

"என்னை விட்டுட்டு அவர மட்டும் வரை," என்றாள் வால்புர்கா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.