முப்பத்தேழு மணி இருபது நிமிடம்

1

ஒரு ஸ்ட்ராப் அறுந்ததால் எனக்குக் கிடைத்த கதை இது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்தபோது வாட்ச் நழுவி, பின்னால் நின்றவரின் செருப்பின் மேல் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு போன இடம் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளம். லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஆள் திரும்ப முடியாத ஒரு கடை. முன்னால் போன் உறைகள், சார்ஜர்கள். அவற்றுக்குப் பின்னால், பூதக்கண்ணாடியை ரப்பர் பாண்டில் கோத்து நெற்றியில் ஏற்றிவைத்திருந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள் ஊர் முழுக்க அவரைத்தான் தேடி வருகிறார்கள். ஸ்ட்ராப் மாட்டும்போது என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கதை எழுதுவேன் என்றேன்.

"அப்ப ஒண்ணு சொல்றேன் சார். எழுதிடாதீங்க."

எழுதிவிட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதி அடித்தேன்.

"நேரம் என்பது" [இதை முடிக்கவில்லை. இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

"அவரிடம் நாற்பத்தோரு வாட்சுகள் இருந்தன, கட்டுவதற்கு ஒரு கைதான் இருந்தது." [இது பரவாயில்லை. ஆனால் சிரிக்க வைக்கிறது. சிரித்துக்கொண்டே உள்ளே வரும் வாசகர், பிறகு வருவதற்கு என்னை மன்னிக்க மாட்டார். தகவல் சரிதான் என்பதால் விட்டுவைக்கிறேன்.]

"அண்ணன் சமையலறைத் தரையில்" [இல்லை. இன்னும் இல்லை.]

3

கடைக்காரப் பெண் அந்த நாற்பத்தோரு வாட்சுக்காரரை 'கைக்காரர்' என்று சொன்னார். நானும் அப்படியே சொல்கிறேன். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோப்புகளைச் சரிபார்ப்பவர். எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, தடுத்திருக்க முடியுமா என்று மூன்று கட்டங்களை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது வேலை. [கதைக்கு வசதியாக நான் கொடுத்த தொழில் என்று நினைப்பீர்கள். நானும் மாற்றிப் பார்த்தேன். வங்கி ஊழியராக்கினால் அவர் அவராக இல்லை.]

போன் வந்த பிறகு வாட்ச் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. என் பழைய வாட்ச் ஒரு நாளில் நாலு நிமிடம் பிந்துகிறது. அவசரத்துக்கு நானும் போனைத்தான் பார்க்கிறேன். இருந்தும் அதைக் கட்டாமல் வெளியே போனால் சட்டைப் பொத்தான் போடாததுபோல் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் முப்பது வருடம் கட்டித் தேய்த்த ஓரம், வெயிலில் பழுத்த எண்கள், கண்ணாடியில் யாருடைய வீட்டுச் சுவரோ போட்ட கீறல். கைக்காரர் இதைச் சுருக்கமாகச் சொல்வாராம்: "போன் யார் இல்லாட்டியும் ஓடும். இது நான் கட்டினாத்தான் ஓடும்."

அவர் சேர்த்தவை எல்லாம் ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே பாதிநிலா வடிவத்தில் ஒரு எடை இருக்கிறது. கை அசைய அசைய அது சுழன்று சுருளை முறுக்குகிறது. கழற்றி வைத்தால், முறுக்கியிருக்கும் அளவுக்கு ஓடிவிட்டு நின்றுவிடும்.*

* இந்தப் பத்தியை வேகமாகப் படித்திருந்தால் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

4

நாற்பத்தொன்றும் முறைவைத்தாவது ஓடவேண்டும் என்றால் அவர் கை போதாது. ஆகவே உறவுக்காரர்களின் கைகளைப் பிடித்தார். அண்ணன், மச்சினன், மாமனார், பெரியம்மா மகன் என்று நாலு பேர். ஆளுக்கொரு வாட்ச். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வீடு வீடாகப் போய், கட்டியிருப்பதை வாங்கிக்கொண்டு வேறு ஒன்றைக் கொடுப்பார். அவர் மனைவி அதற்கு வைத்த பெயர் 'கைமாத்து'. கைமாத்து கேட்கக் கிளம்பிவிட்டார் என்பார். வந்தால் வாட்சைத்தான் விசாரிக்கிறார், என் முட்டிவலியை விசாரிப்பதில்லை என்று மச்சினன் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

முதல் வீடு அண்ணன் வீடு. ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக், கல்யாணம் செய்துகொள்ளாதவர், இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். [முதல் வரைவில் இவரை ஒரு சாந்த சொரூபியாக எழுதியிருந்தேன். செத்தவர்களை நல்லவர்களாக்குவது சுலபம். உண்மையில் அவர் எல்லோரையும் நையாண்டி செய்கிறவர், கடன் வாங்கிய செய்தித்தாளைத் திருப்பித் தராதவர்.] பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை தம்பி போன் செய்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்ணா."

"வாட்சைப் பாக்க வர்றியா, என்னைப் பாக்க வர்றியா?"

"ரெண்டையும்தான்."

"வாட்சுன்னா சொல்லு, வாசல்ல மாட்டி வெச்சிடறேன். நான் தூங்கணும்."

5

ஞாயிறு காலை கைக்காரருக்கு ஒரு தகவல் வந்தது. ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள். அலமாரியில் கறுப்பு முகப்புள்ள ஒரு வாட்ச், முதல் கண்ணாடிகூட மாற்றாதது. பத்து மணிக்குள் போகாவிட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள். போனார். வாங்கினார். அண்ணனிடம் வரவில்லை என்று சொல்லவில்லை. அண்ணன் எங்கே போய்விடப் போகிறார், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை கீழ்வீட்டுக்காரர் கதவை உடைத்தார்.

அண்ணன் சமையலறைத் தரையில் கிடந்தார். [இப்போது எழுதலாம்.] மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார் மருத்துவர். எப்போது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது, இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் என்றார். விழுந்த பிறகும் சில மணி நேரம் உயிர் இருந்திருக்கலாம் என்று, கேட்காமலேயே, சொன்னார்.

இடது கையில் வாட்ச் நின்றிருந்தது.

6

பத்து நாள் கழித்துக் கைக்காரர் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். அண்ணன் காலமாகிவிட்டார், இது அவர் கையில் இருந்தது என்று மட்டும் சொன்னார். எந்த ஞாயிறு, எந்தப் பத்து மணி என்று எதுவும் அன்று சொல்லவில்லை. கடைக்காரப் பெண் பூதக்கண்ணாடியை இறக்கினார். பதினொன்று இருபதில் முள் நின்றிருந்தது. தேதிக் கட்டத்தில் பதினான்கு பாதி, பதினைந்து பாதி. இந்த ரக வாட்சில் இரவு பத்துக்கு மேல்தான் தேதி நகரத் தொடங்கும். ஆகவே நின்றது திங்கள் இரவு.

துக்கத்தில் இருப்பவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. தெரிந்தது இந்தத் தொழில்தான். எப்போது போனார் என்று தெரியாமல் தவிக்கிறார்களே என்று நினைத்து, ஒரு ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.

"முழுசா முறுக்கியிருந்தா இது எத்தனை மணி நேரம் ஓடும்னு பாத்துடலாம் சார். புதுசுல நாப்பத்திரண்டு. இப்ப சுருள் தளர்ந்திருக்கும், முப்பதாக்கூட இருக்கும். அதைத் திங்கள் ராத்திரியிலிருந்து கழிச்சா, அவர் கை கடைசியா எப்ப அசைஞ்சதுன்னு வந்துடும்."

கைக்காரர் அந்த ரசீதை வாங்கி, பேனா கேட்டு, கீழே ஒரு வரி எழுதினார். ஞாயிறு காலை பத்திலிருந்து திங்கள் இரவு பதினொன்று இருபதுவரை: முப்பத்தேழு மணி இருபது நிமிடம்.

முழுதாக முறுக்கியும் அதற்குக் குறைவாக ஓடுமானால், ஞாயிறு பத்து மணிக்கு அண்ணன் உயிரோடு இருந்திருக்கிறார். அதில் சந்தேகமே இல்லை. தம்பி சொன்ன நேரத்துக்குப் போயிருந்தால் கதவைத் திறந்திருப்பார்; திறக்க முடியாமல் கிடந்தாலும், உடைத்துத் தூக்கியிருக்கலாம்.

கூடுதலாக ஓடினால்?

"கூடுதலா ஓடினா ஒண்ணும் சொல்ல முடியாது சார்," என்றாராம் அந்தப் பெண், என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமலே. "அவர் நாற்காலியிலேயே உக்காந்திருக்கிறவரா இருந்தா, பாதிதான் முறுக்கியிருக்கும். சீக்கிரமே நின்னிருக்கும். கை கடைசியா அசைஞ்சது அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிகூட இருக்கலாம்."

அதாவது இந்தச் சோதனையால் தண்டிக்க முடியும். விடுதலை செய்ய முடியாது.

கைக்காரர் வாட்சைத் திருப்பி வாங்கினார். தேதியைச் சரிசெய்தார். தன் கையில் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து கழற்றவில்லை. கழற்றினால் அது எண்ணத் தொடங்கிவிடும்.

7

இந்த இடத்தில் நான் நாலு மாதம் நின்றேன். மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. வாட்ச் நாற்பத்தோரு மணி ஓடுகிறது. தம்பி அழுகிறார், வாசகர் பெருமூச்சு விடுகிறார். [பொய். நாற்பத்தொன்றால் எதுவும் தீராது என்று முன் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன்.]

ஆ. முப்பத்தொன்று. தம்பி நாற்பத்தோரு வாட்சுகளையும் [இந்த வாக்கியத்தை ஏழு விதமாக முடித்தேன். ஏழிலும் சினிமா வாடை அடித்தது.]

இ. சுருளை மாற்றச் சொல்கிறார். புதுச் சுருள் வந்தால் பழைய கணக்கு அழிந்துபோகும். நிம்மதியாக வாழ்கிறார். [விபத்துக் கோப்பு பார்ப்பவர் தடயத்தை அழிப்பாரா? என் கதாபாத்திரம் செய்யலாம். அவர் செய்யமாட்டார்.]

ஆளைப் பார்க்காமல் இதற்கு மேல் போக முடியாது என்று கடைக்குப் போய்க் கேட்டேன். அந்தப் பெண் என்னைத் திட்டினார். பிறகு ஒரு நாள் வரச் சொன்னார்.

8

நான் எதிர்பார்த்ததைவிடக் குள்ளமான, நன்றாக இஸ்திரி போட்ட மனிதர். வரைவைக் கொடுத்தேன். கடைக்கு வெளியே லிஃப்ட் பக்கத்தில் நின்றபடியே, கோப்பு படிப்பதுபோல் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். இரக்கப்பட்டு, அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டிய நேரத்தை நான் பதினொன்று என்று மாற்றியிருந்தேன். அதனால் கணக்கில் ஒரு மணி நேரம் அவருக்குச் சாதகமாக வந்திருந்தது.

"பத்து மணி," என்றார். "மாத்திடுங்க."

மாற்றினேன். மேலே நீங்கள் படித்தது அவர் திருத்தியது.

பிறகு ஒரு உதவி கேட்டார். வெள்ளிக்கிழமை வயிற்றில் சின்ன அறுவை சிகிச்சை. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. திங்கள்தான் வீட்டுக்கு விடுவார்கள். அதுவரை வாட்சை நான் கட்டிக்கொள்ள வேண்டும். மனைவியிடம் கொடுத்தால் பாத்திரம் கழுவக் கழற்றி வைத்துவிட்டு மறந்துவிடுவார். கடைக்காரப் பெண்ணிடம் கொடுக்க அவருக்குப் பயம்.

"நீங்க எழுதறவர். கை அசைஞ்சுக்கிட்டே இருக்கும்."

நான் வலது கையால் எழுதுகிறவன், வாட்சை இடது கையில் கட்டுகிறவன் என்று சொல்லவில்லை.

9

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பக்கத்தில் இருக்கும் குமிழைக் கையால் முழுவதும் முறுக்கி, வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

[ஏன் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். உண்மை தெரிய வேண்டும், கலைக்கு நேர்மை வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அடித்துவிட்டேன். எனக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.]

சனிக்கிழமை முழுக்க அந்த மேசைப் பக்கம் போகவில்லை. ஞாயிறு காலை ஐந்தரைக்குப் போனேன். ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏழு இருபதுக்கு முப்பத்தேழு மணி இருபது நிமிடம் ஆகும். நொடிமுள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது

10

திங்கள் மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். வயிற்றில் கைவைத்து மெதுவாகப் படியேறினார். வாட்ச் என் கையில் இருந்தது, ஓடிக்கொண்டிருந்தது, மணியும் தேதியும் சரியாக இருந்தன. கழற்றிக் கொடுத்தேன். வாங்கி, காதில் வைத்துப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பொய்க் கோப்புகளைப் பார்த்த கண்.

"கழட்டினீங்களா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை?"

நான் சொன்னேன்: (            ).

காலியாக இருப்பது அச்சுப்பிழை அல்ல. ஒரு எண்ணைச் சொன்னேன். அது வாட்ச் காட்டியதா, கதை எழுதுகிறவன் இட்டுக்கட்டியதா என்பதை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் நிரப்புங்கள். முப்பத்தேழு இருபதுக்குக் கீழே எழுதினால் அவர் அங்கேயே, செருப்பு கழற்றும் இடத்தில், உட்கார்ந்துவிடுவார். மேலே எழுதினால் நின்றுகொண்டே இருப்பார்; உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் இருட்டத் தொடங்குகிறது, மாடிப்படியில் விளக்கு எரியவில்லை, அவருக்குத் தையல் வலிக்கிறது. கீழே தெருவரை யாராவது கைபிடித்து இறக்கிவிட வேண்டும். நான் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை.