ஆறு பத்து விமானம்

அப்பாவின் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள் மகள். தலையணைக்கு அடியில் செல்போன் அலறியது.

"அதை நிறுத்துடி," என்றாள் அம்மா. "அவர் உயிர் போய் ஒரு மணி நேரமாச்சு. இது மட்டும் ஆறேகாலுக்குக் கரெக்டா கத்துது."

"எதுக்கும்மா இந்த அலாரம்?"

"தினம் இந்நேரத்துக்கு யாருக்கோ போன் போடுவார். கதவைச் சாத்திக்குவார். யாருன்னு கேட்டா எரிஞ்சு விழுவார்."

மூன்று விமான நிறுவனங்களைத் தொடங்கிய மனிதர். முதலாவதில் இருந்ததே ஒரு விமானம்தான்; அது மக்கர் செய்தால் கம்பெனிக்கே லீவு. இரண்டாவது இரண்டே வருடத்தில் படுத்தது. மூன்றாவது நிமிர்ந்து நின்றதும் கை சும்மா இருக்கவில்லை. ஒரே மூச்சில் இன்னும் எட்டு விமானம் வேண்டும் என்றார். அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிடலாமா என்று இயக்குநர்கள் கூட்டத்தில் கேட்டபோது, முதலில் உயர்ந்த கை மகளுடையது. கம்பெனி பிழைத்தது. அவர் நாற்காலியில் இவள் உட்கார்ந்தாள். நான்கு வருடமாக அவர் இவளோடு பேசவில்லை.

நேற்று சாயங்காலம்கூட, "திட்டவாவது திட்டுங்கப்பா," என்று கெஞ்சினாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீம்புக்காரர், ஒரு வார்த்தை தராமலே போய்விட்டார்.

அலாரத்தை நிறுத்திவிட்டு, கடைசியாகப் பேசிய எண்ணைப் பார்த்தாள். அவளுக்கு மனப்பாடமான எண். அவர்களுடைய கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை. அழுத்தினாள்.

"வணக்கம்யா," என்றார் டூட்டி அதிகாரி. அங்கே இன்னும் யாருக்கும் தகவல் போகவில்லை. "என்னங்கய்யா, இன்னைக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு? முதல் ஃப்ளைட் ஆறு பத்துக்கு டாண்ணு கிளம்பிடுச்சு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடுத்து மேடத்தைத்தானே கேப்பீங்க? இன்னும் வரலைங்க. நேத்தும் மதியம் சாப்பிடாமலே மீட்டிங் போயிட்டாங்க. நீங்க சொன்னபடி பிஸ்கட் வாங்கி மேஜையில வச்சுட்டேன். நாலு வருஷமா வைக்கிறேன், யார் வச்சதுன்னு ஒரு நாள் கேட்டதில்லைங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் வைக்கிறதுன்னு நினைச்சுட்டாங்க போல."

அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களா?"

போனை அப்பாவின் பக்கத்தில் வைத்தாள். கைப்பையைத் திறந்தாள். நேற்றைய பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. பிரித்து, ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

அம்மா பார்த்தாள். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.