மண்டபம் காலியாக இருந்த நாள்

செர்பிய ஊர் ஒன்றின் நகராட்சித் திட்டப் பிரிவில் விதோயே வரையும் வரைபடங்களில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். பச்சை மை மலிவாகக் கிடைத்தது என்று அவரும் பதிலுக்குச் சொல்லிவைப்பார். இந்த முறை ரோகோஸாராவுக்கு அவர் பூசிய பச்சையை மேயரின் ஆட்கள் எடுத்துவிட்டு ஆரஞ்சு அடித்திருந்தார்கள். ஆரஞ்சு என்றால் அடுக்குமாடி, கடைத்தொகுதி, கார் நிறுத்தம்.

ரோகோஸாரா ஊருக்குக் கீழே கிடக்கும் சதுப்பு. கோரை, தவளை, வசந்தத்தில் நாரை, கோடையில் கொசு. அழகு என்று யாரும் அதைப் படமெடுத்து மாட்டியதில்லை. ஆனால் திஸா ஆறு பெருகும்போது மிச்சத் தண்ணீரை மடியில் வாங்கிக்கொள்வது அதுதான். அதை மண் கொட்டி மூடினால் தண்ணீர் கீழ்த்தெரு வீடுகளின் நிலவறைகளுக்குத்தான் குடிவரும். விதோயே இதைத் திட்டக்குழுவில் விளக்கியபோது குழுத் தலைவி மிலுங்கா மறுக்கவில்லை. விதோயே சம்பளத்துக்குப் பேசுகிற ஆள், தெருக்காரர்கள் வந்து பேசட்டும் என்று மட்டும் சொன்னாள்.

தெருக்காரர்களைத் திரட்டுவது நகராட்சி ஊழியர் செய்யக்கூடாத வேலை. விதோயே செய்தார். டயர் கடைக்காரன் ஸ்தொயாதின் முன்னால் நிற்க, கீழ்த்தெருவே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது. பொதுக்கூட்டத்தில் நேரில் வந்து பேசினால்தான் ஆட்சேபம் நிற்கும், வராதவர் கைவிட்டதாகக் கொள்ளப்படும் என்பது குழுவின் விதி. ஸ்தொயாதின் பேச்சை மனப்பாடமே செய்துவிட்டான். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் சக்கரம் கையில் வரும்வரை அதைக் கேட்டாக வேண்டியிருந்தது.

கூட்டத்துக்குத் தேதி குறிப்பது விதோயேவின் வேலை. டிசம்பரில் பண்பாட்டு மண்டபத்துக்கு அடிதடி நடக்கும். பள்ளி நாடகம், ஓய்வூதியர் நடனம், ஏதோ ஒரு சங்கத்தின் ஆண்டுவிழா. பத்தொன்பதாம் தேதி மட்டும் காலையிலிருந்து இரவு வரை அப்படியே காலியாக இருந்தது. தன் அதிர்ஷ்டத்தை அவரே மெச்சிக்கொண்டார். மிலுங்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, உறுதிதானா என்று கேட்டாள். மண்டபம் கிடைத்ததே பெரிய பாடு என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். அதன்பிறகு தெருக்காரர்களோடு பேசினால் சதி என்பார்களே என்று விதோயே கீழ்த்தெருப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி புனித நிக்கோலாவின் நாள். ஊரில் பாதி வீடுகளுக்கு அன்று ஸ்லாவா, குடும்பப் புனிதருக்கு விருந்து. மீதிப் பாதி அந்த வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அதை ஒரு செர்பியன் மறப்பது தன் பெயரை மறப்பது மாதிரி. விதோயேவின் வீட்டுப் புனிதர் ஜோர்ஜே, மே மாதத்துக்காரர். மற்ற புனிதர்கள் எல்லாம் அவர் மனைவி ஸ்பொமென்காவின் பொறுப்பு. என்றைக்கு யார் வீடு, எந்தச் சட்டை, கையில் என்ன கொண்டுபோவது, எல்லாம் அவள் சொல்வாள். போன ஏப்ரலில் அவள் இறந்தாள். அந்த மே மாதம் ஜோர்ஜேவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றப்படவில்லை. அதிலிருந்து விதோயேவுக்கு நாட்கள் இரண்டே வகை: அலுவலகம் உள்ளது, இல்லாதது.

கூட்டத்துக்கு மிலுங்காவும் இரண்டு உறுப்பினர்களும் வந்தார்கள். கட்டுமான நிறுவனத்தின் வழக்கறிஞர் சுபோதித்சாவிலிருந்து வந்திருந்தார். கத்தோலிக்கர். அவர்கள் நாட்காட்டியில் நிக்கோலா ஆறாம் தேதியே வந்துபோய்விட்டார். நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காத்திருந்தன. விதோயே ஸ்தொயாதினுக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை.

"வர்ற வழியில ஒரு கடையாவது தொறந்திருந்ததா விதோயே?" என்று மிலுங்கா கேட்டாள். "இன்னிக்கு நிக்கோலா."

விதோயே அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, கூட்டத்தைத் தள்ளிவைக்கும்படி கேட்டார். அறிவிப்பு முறைப்படி வந்தது, தேதியைக் குறித்ததே திட்டப் பிரிவு என்று வழக்கறிஞர் மரியாதையாக நினைவூட்டினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் கொடுமை. ஆட்சேபங்கள் கைவிடப்பட்டதாகப் பதிவாயின. ரோகோஸாரா ஆரஞ்சாயிற்று.

விளக்கை அணைக்கும்போது மிலுங்கா தணிந்த குரலில் சொன்னாள்: "நீ மேயர் பக்கம் சாஞ்சிட்டேன்னு நெனச்சேன். நீ மறந்துட்டேன்னு தோணவே இல்ல. தோணியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, கதவு திறந்திருக்கும். விதோயே ஸ்தொயாதின் வீட்டுக்குள் நுழைந்தார். இறைச்சி கூடாத நோன்புக் காலம் என்பதால் மீன் சூப்பு மணத்தது. மேசையைச் சுற்றிக் கீழ்த்தெரு முழுதும் உட்கார்ந்திருந்தது. ஆட்சேபக்காரர்கள் ஒருவர் குறையாமல் வந்திருக்கிறார்கள், இடம்தான் மாறிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. இந்த நேரத்திலும் தனக்குக் கேலி வருகிறதே என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"வாய்யா, வா," என்றான் ஸ்தொயாதின். "நோட்டீசப் பாத்துச் சிரிச்சோம். நிக்கோலா அன்னிக்கு எவன்யா கூட்டம் போடுவான், அச்சுப் பிழைன்னு விட்டுட்டோம். சரி, என்னிக்கு வெச்சிருக்கீங்க?"

"முடிஞ்சிருச்சு," என்றார் விதோயே. "தேதி குறிச்சது நான்தான்."

ஸ்தொயாதின் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"நெசமாவே மறந்துட்டியா?"

"சொல்றதுக்கு வீட்ல ஆளில்லப்பா."

ஸ்தொயாதினின் மனைவி ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஸ்தொயாதின் கெண்டைமீனின் நடுத்துண்டை எடுத்து அதில் போட்டான்.

"இன்னிக்கு வந்த விருந்தாளிய நான் திட்டக்கூடாது. நாளைக்கும் விருந்து இருக்கு. நாளன்னிக்கு வா, திட்றேன்."

விதோயே முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். யாரோ வேறு பேச்சை ஆரம்பித்தார்கள், பாதியில் விட்டார்கள்.

சொன்ன நாளில் போனார். கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஸ்தொயாதின் நிலவறையிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். வெள்ளம் வர இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறதே என்று விதோயே சொல்ல வாயெடுத்தார்.

"அந்தப் பக்கம் புடி," என்றான் ஸ்தொயாதின்.

பிடித்தார். ஒவ்வொரு மூட்டைக்கும் படியின் உச்சியில் நின்று, இப்போது திட்டுவான் என்று அவன் முகத்தைப் பார்த்தார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கீழே இறங்கினான்.