ஒத்தட உப்பு

காலை ஆறு மணிக்குத்தான் தோட்டத்துக் கேட்டைத் திறப்பார்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பாகவே பெண்களின் வரிசை முள்கம்பி வேலியை ஒட்டி வளைந்து நின்றுவிடும். தோளில் காண்டாக் கம்பு, கம்பின் இரு முனையிலும் ரப்பர்ப் பால் வாளிகள், இடுப்பில் உளி. ஆண்களைத் தடவிப் பார்க்க நான்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். பெண்களுக்கு ராக்கம்மா ஒருத்திதான்.

கொண்டையை அழுத்திப் பார்க்க வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்க்க வேண்டும். இடுப்பைச் சுற்றிக் கை விட வேண்டும். வாளியைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். கடைசியில் தேநீர் போத்தலைத் திறந்து விரலை விட்டு நக்கிப் பார்க்க வேண்டும். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு ஒரு மணி அரிசி, ஒரு கல் உப்பு, ஒரு துளி இனிப்புகூடப் போய்விடக் கூடாது என்பது வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலச் சட்டம். சீனி போடாத கடுந்தேநீருக்கு மட்டும்தான் அனுமதி. தினமும் அறுபது பேருடைய கசப்பு ராக்கம்மாவின் நாக்கில் பட்டு, எட்டு மணிக்குக் கஞ்சி குடிக்கும்போது அவளுக்கு எதுவும் ருசிக்காது.

அவளும் பால் மரம் வெட்டியவள்தான். சரிவில் வாளியோடு விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்து, உளி பிடிக்க வராமல் போயிற்று. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். துரை இரக்கப்பட்டு இந்த வேலையைக் கொடுத்தார் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்தி வாரம் ஒரு தடவையாவது நினைவுபடுத்துவார். ஊரார் உடம்பைத் தடவிப் பிழைக்கிறோமே என்ற கூச்சம் முதல் மாதத்தோடு போய்விட்டது. கை பட்டதுமே யாருக்குக் காய்ச்சல், யார் முழுகாமல் இருக்கிறாள், யாரைப் புருஷன் அடித்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியில் சொல்லமாட்டாள் என்பதால்தான் பெண்கள் அவளிடம் முறைத்துக்கொள்ளாமல் நின்றார்கள்.

அன்று பஞ்சாலை பன்னிரண்டாவது ஆளாக வந்தாள். முகம் வெளிறி, மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. ராக்கம்மாவின் கை அவள் அடிவயிற்றில் பட்டதும் கணகணவென்று சூடு ஏறியது.

"இன்னிக்கா புள்ள?"

"ராத்திரியே வந்துருச்சுக்கா. தொடையெல்லாம் கடுக்குது."

"காலு ரெண்டையும் மடக்கிப் படுத்தியா?"

"படுத்தேன். புள்ள அழுதா, எந்திரிச்சிட்டேன்."

"சரி, போ. ஒசரத்துல கீறுற மரத்த மொதல்ல வெட்டு. குனியற மரத்தக் கடைசிக்கு வச்சுக்க."

சூட்டை உணர்ந்த கை விலகியது. பஞ்சாலை கேட்டைத் தாண்டினாள்.

இப்படி அவளை அனுப்புவது இது ஆறாவது மாதம். முதலில் ஒருநாள் பெரட்டுக்களத்தில், பெயர் கூப்பிடும்போதே, பஞ்சாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். மாதாமாதம் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டாள். வேலை ஏவும் மண்டோர் மாயாண்டி அவள் புருஷன் சன்னாசியைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ பெரட்டுக்கு வரலன்னா பேர வெட்டிருவேன். பேரு போனா லயத்து வீடும் போகும். அப்புறம் ஏங்கிட்ட வந்து நிக்காத." சன்னாசிக்கு நெஞ்சு நோய். புல்லு வெட்டும் வேலையில் அரைப்பேர்தான், பாதிக் கூலி. வீடு பஞ்சாலையின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது.

ராக்கம்மாவுக்கு அந்த வலி தெரியும். சின்ன வயதில் அவளும் பட்டவள்தான். வெந்தயத்தை மோரில் ஊறப்போட்டு விழுங்கச் சொன்னாள். ஓமத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னாள். எள்ளும் கருப்பட்டியும் இடித்து, தூரமாவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே உருண்டை பிடித்துத் தின்னச் சொன்னாள். விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கி அடிவயிற்றில் தடவினாள். பஞ்சாலைக்குக் கொஞ்சம் கேட்டது. ஆனால் வேலி போட்ட பிறகு எல்லாச் சாமானும் ரேஷன் கார்டுக்குள் வந்துவிட்டது. கருப்பட்டி கடைக்கு வருவதே நின்றது. எள்ளும் ஓமமும் சிரம்பான் டவுனுக்குப் போனால்தான் உண்டு. போய் வாங்கினாலும் கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். கடைசியில் மிஞ்சியது உப்பு ஒன்றுதான்.

அதையும் ராக்கம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். கல்லுப்பு இரண்டு கைப்பிடி, வெறும் சட்டியில் படபடவென்று பொரியும்வரை வறுக்க வேண்டும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கொட்டி, முடிச்சைப் பக்கவாட்டில் போட வேண்டும். நடுவில் போட்டால் குனியும்போது குத்தும். தொப்புளுக்கு நாலு விரல் கீழே வைத்து, பாவாடை நாடாவை மேலே இறுக்கினால் நூறாவது மரம்வரை சூடு நிற்கும். அதற்குள் வலியின் முதல் மூர்க்கம் தணிந்துவிடும். பால் ஸ்டோரிலிருந்து திரும்பியதும் உப்பைச் சட்டியில் கொட்டிவைத்தால் அடுத்த மாதத்துக்கும் ஆகும். உப்புக்கு உப்பும் மிச்சம், பேரும் மிச்சம் என்று சொல்லிச் சிரித்தார்கள் இருவரும்.

அது உப்பு என்பதையே மறந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது மருந்து. கேட்டில் மாதம் ஒருமுறை அந்தச் சூடு தட்டுப்படும்போது, வேளைக்கு மருந்து எடுத்திருக்கிறாள் என்று ராக்கம்மாவுக்கு நிம்மதியாகக்கூட இருக்கும்.

வரிசையில் கடைசி ஆளும் போன பிறகுதான், ரப்பர் மரங்களின் முதல் நிரைக்குப் பக்கத்தில் ஜீப் நிற்பது அவள் கண்ணில் பட்டது. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், டவுனிலிருந்து கூட்டி வந்த பெண் போலீஸ் ஒருத்தி. கேட்டைத் தாண்டிப் போனவர்களை மறுபடியும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கேட்டில் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிறார்களாம். ஓடிப்போய்ச் சொல்ல இடமில்லை. நடுவில் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள்.

சிறிது நேரத்தில் அவளையும் கூப்பிட்டார்கள்.

பஞ்சாலை ஜீப்பின் முன்னால் நின்றாள். அவள் இடுப்பிலிருந்த உப்பு மூட்டை இன்ஸ்பெக்டரின் கையில் இருந்தது. அவர் முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். கணேசமூர்த்தி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

"யாருக்குடி கொண்டு போற?"

"யாருக்கும் இல்லீங்கய்யா. ஒத்தடம். வூட்டுக்குத் தூரமாயிருக்கேன். வலி தாங்கலீங்க."

சுற்றிலும் ஆண்கள் நின்றார்கள். கணேசமூர்த்தியின் காது சிவந்தது. அந்தப் பேச்சை இங்கிலீஷில் எப்படி ஒரு துரையிடம் சொல்வது என்று அவருக்குக் கூச்சம். வயிற்று வலிக்கு வைத்திருக்கிறாளாம் என்று மட்டும் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். கிராணி திரும்பினார்.

"வயித்து வலின்னா ஏன் வேலைக்கு வந்தேன்னு கேக்குறாரு."

பஞ்சாலை மாயாண்டியைப் பார்த்தாள். மாயாண்டி ரப்பர் மரத்தைப் பார்த்தான்.

அடுத்த கேள்வி ராக்கம்மாவுக்கு. "ஒன் கைக்கு இது தட்டுப்படலயா?"

தட்டுப்பட்டது, நான்தான் சொல்லிக் கொடுத்தேன், தொட்டுப் பாருங்கள் இன்னும் சூடாக இருக்கிறது, காட்டுக்காரனுக்கு யாராவது உப்பை வறுத்தா கொடுப்பார்கள்? எல்லாம் தொண்டைவரை வந்தது. ராக்கம்மாவின் கண் முன்னால் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளும் லயத்து வாசலில் பாயும் சட்டியுமாக நின்றார்கள்.

"தூரத் துணின்னு நெனச்சேங்கய்யா. தொடல" என்றாள்.

பஞ்சாலை அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். லாரியில் ஏற்றும்போது வலியில் கால் மடங்கியது. பலகையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு மாத்துத் துணி மட்டும் கொண்டாந்து குடுக்கச் சொல்லு, நனைஞ்சிருச்சு" என்றாள். ராக்கம்மா லயத்துக்கு ஓடினாள். கொடியில் கிடந்த துணியை உருவிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பியபோது லாரி சிரம்பான் ரோட்டில் ஏறியிருந்தது. அந்தத் துணியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டிலேயே நின்று அழுதாள்.

மூட்டையின் கழுத்தில் ஓர் அட்டை கட்டினார்கள். பஞ்சாலையின் பெயர், தேதி, எடை. கேஸ் கூப்பிடும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, கேட்டுக்குப் பக்கத்துக் காவல் கொட்டகையில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் பெரட்டில் அவள் பெயரை வெட்டினான் மாயாண்டி. சன்னாசி குழந்தையோடு தன் தங்கை வீட்டுக் குசினியில் ஒண்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பான் ஜெயிலுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவான். மூன்று வருஷம் போடுவார்கள் என்று ஒருவன் சொன்னானாம். புருஷன் பிள்ளையை இங்கேயே விட்டு, கப்பலேற்றிப் பூர்வீக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இன்னொருவன் சொன்னானாம். பஞ்சாலைக்கு அங்கே ஊர் எது என்று சன்னாசிக்கே தெரியாது. அவள் பிறந்தது செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தில்.

"எப்படியிருக்கா?" என்று ராக்கம்மா கேட்பாள்.

"வலி வர்ற அன்னிக்கி சிமிண்டுத் தரையில குப்புறப் படுத்துக்கிறாளாம். ஒன்னயத்தான் கேட்டா."

அதன் பிறகு ராக்கம்மா அவனிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

மழை பிடித்தது. நாளெல்லாம் வேலிக்கு வெளியே மரங்கள் நனைந்து கறுத்து நின்றன. ஒருநாள் காலையில் கொட்டகைக்குள் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. கூரை ஒழுகவில்லை. மூட்டை ஈரம் குடித்து நீர் விட்டுக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் சலித்துக்கொண்டு அடியில் ஒரு தகர மூடியை வைத்தான்.

ராக்கம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ஆளில்லாத நேரத்தில் ஆணியைப் பிடுங்கி, மழைச்சாரல் வரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அடித்து, மூட்டையை அங்கே மாட்டினாள். உடைந்த மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. தினமும் சாயங்காலம் தகர மூடியிலிருந்த தண்ணீரை வெளியே கொட்டினாள். வாரத்துக்கு வாரம் மூட்டை தொய்ந்தது. உப்பே இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேஸ் நடத்துவார்கள்? இதை அவள் சன்னாசியிடம்கூடச் சொல்லவில்லை. அன்று வாயால் செய்ய முடியாததை மழை செய்துவிடும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். இரண்டாவது மாதக் கடைசியில் துணி மட்டும்தான் விறைத்து, வெள்ளை பூத்துத் தொங்கியது.

கேஸுக்கு முந்திய நாள் கணேசமூர்த்தி குடையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். மூட்டையைக் கையில் எடுத்தவர் திகைத்தார்.

"எங்க உப்பு?"

"கரைஞ்சு போச்சுங்கய்யா. மழைக்கி."

"கரைஞ்சு போச்சா? நாளைக்கி கோர்ட்டுல இத வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்றது? அட்டையில எடை எழுதியிருக்கு. நீ இருக்குற கொட்டகையில இருந்து உப்பு காணாமப் போனா என்ன நெனப்பாங்க? ஒனக்கும் காட்டுக்காரனுக்கும் சம்பந்தம்னு ஒன்னயும் ஏத்திருவாங்க. புள்ளைங்கள நெனச்சுக்க."

அவர் குரலைத் தணித்தார். அவரும் பயந்துதான் இருந்தார்.

"ரேஷன் ஸ்டோருக்குப் போ. ரெண்டு கைப்பிடி வாங்கியா. அந்தப் பொம்பள கார்டுல பேரு இன்னும் எடுக்கல. அவ பங்கு உப்பு வாங்காமலே கெடக்கு. அதுலேர்ந்து குடுக்கச் சொன்னேன்னு சொல்லு."

அவள் மழையில் போய், மழையில் வந்தாள். உப்பை முந்தானைக்குள் மூடிக்கொண்டு வந்ததால் ஒரு கல்கூட நனையவில்லை.

துணியை மேசைமேல் விரித்தாள். இரண்டாக மடித்தாள். உப்பைக் கொட்டிக் கையால் பரப்பினாள். சில்லென்றிருந்தது. நான்கு முனையையும் கூட்டி முடிச்சுப் போடும்போது, நினைக்காமலே விரல்கள் முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளின.

"அன்னிக்கி இப்படித்தான இருந்துச்சு?" என்று கேட்டார் கணேசமூர்த்தி.

"இப்படித்தாங்கய்யா."

அவர் அட்டையைப் பழையபடி கழுத்தில் கட்டி, மூட்டையைத் தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது.