தறிக்கூடத்துக் குரல்

நெசவாலையை மூடி வருஷம் ஒன்று ஓடிவிட்டது. மேஸ்திரி ஏறி இறங்காத வாசல் இல்லை. போன இடத்திலெல்லாம் நரையைப் பார்ப்பார்கள், "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். சொல்லி அனுப்பினவன் ஒருத்தனும் இல்லை. பாழாய்ப்போன ஐம்பத்தெட்டு வயசு, முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

இந்தத் தடவை நம்பிக்கை இருந்தது. புது ஆலையில் தறி தெரிந்த மேற்பார்வையாளர் வேண்டுமாம், மச்சான் சிபாரிசு. கிளம்பும்போது மனைவி எதிரே வந்து நின்று சட்டைக் காலரைச் சரிசெய்தாள். எதுவானாலும் அவள் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசுவாள். அதில் மேஸ்திரிக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

"அங்க போய் கத்தி ஊரைக் கூட்டிடாதீங்க."

"சரிடி தாயே!"

முப்பது வருஷம் தறி இரைச்சலுக்கு மேலே கத்தின தொண்டை. அந்தக் கூடத்தில் யாரும் காதை நம்புவதில்லை. எதிராளியின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். அதில் மேஸ்திரி கில்லாடி. அந்தக் கோடியில் எவனாவது வாய்க்குள்ளேயே திட்டினாலும் இந்தக் கோடியிலிருந்து திருப்பிக் கொடுப்பார்.

மேலாளருக்கு அவர் மகன் வயசுதான். வாய்க்கு வாய் 'சார்' போட்டான். நூல் அறுந்தால் என்ன செய்வீர்கள், தறி நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். மேஸ்திரி குரலை அடக்கி, டாண் டாண் என்று பதில் சொன்னார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று மனசு துள்ளியது.

அப்புறம் அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகுதான் தெரிந்தது. அவன் காரியம் முடியட்டும் என்று மேஸ்திரி காத்திருந்தார். பாவி மனுஷன், சிரித்த முகமாக வேறு உட்கார்ந்திருந்தார்.

அவன் திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"மூணு தடவை கேட்டேன். காது கேக்காதா?"

"சேச்சே! நல்லா கேக்குமே!"

கத்திவிட்டார். வெளியே இருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"வயசாயிடுச்சு பெரியவரே. வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றான் அவன், வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக.

செருப்புச் சத்தம் கேட்டதுமே மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். நேர் எதிரே நின்று, அவர் தன் முகத்தைப் பார்க்கும்வரை பொறுத்திருந்துதான் வாயைத் திறந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

அடக் கடவுளே! எத்தனை வருஷமாக இப்படி வந்து நிற்கிறாள்! இன்னும் ஆசை குறையவில்லை என்றல்லவா இந்த மனுஷன் பூரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காது போனது உனக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னாள். அவருக்கு அவள் வகிடு மட்டும்தான் தெரிந்தது.